வரிசையில் நின்ற புகைகள்

பொன்னடுக்கம் என்ற ஊருக்கு மேற்கே கல் உடைக்கும் கிரஷர் ஒன்றும், கிழக்கே உமியை எரித்து நெல் அவிக்கும் ரைஸ் மில் ஒன்றும், வடக்கே பஸ் ஸ்டாண்டும் இருந்தன. எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தவறாமல் வந்து சேர்கிற இடத்தில் தண்ணீர்த்தொட்டித் தெரு இருந்தது. அந்தத் தெருவின் நடு வீட்டில் வேதநாயகி இருந்தாள். பகலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தாள். அவள் கணவன் புகழேந்தி மினி பஸ் ஓட்டினான். அவர்களுடைய மகள் இனியாவுக்கு நாலு வயது, அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது. நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று மட்டும் வருமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வரும். வந்துவிட்டால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்க வேண்டும்.

பிள்ளையைப் புகையும் தூசியும் இல்லாத நேரத்தில் மட்டும் வெளியே விளையாட விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அது எந்த நேரம் என்று வேதநாயகி கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தனக்கும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னார். ஆகவே அந்த நேரத்தைத் தானே கண்டுபிடிப்பது என்று வேதநாயகி ஒரு பெட்டி செய்யத் தொடங்கினாள்.

பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும். அந்தக் காற்றின் மேல் ஒரு சிவப்பு ஒளி விழும். தூசி எவ்வளவு குறுக்கே வருகிறது என்று ஒரு கண் பார்த்துச் சொல்லும். பக்கத்தில் சத்தத்தைக் கேட்க ஒரு மைக். காற்றே சத்தமாகக் கேட்டுவிடாமல் இருக்க அந்த மைக்குக்குப் பழைய ஹெட்போனின் பஞ்சை மாட்டினாள். மழை உள்ளே போகக் கூடாது, காற்று போக வேண்டும் என்பதால் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருகினாள். சிலந்தி நுழைந்தால் அதையும் தூசி என்று எண்ணிவிடும்; அதனால் கொசுவலைத் துண்டு ஒன்றை வாயில் கட்டினாள். தெருவில் எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு எண்கள் எரிகிற பலகை ஒன்றையும் சேர்த்தாள். மேலே தூசி, கீழே சத்தம்; குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு.

செய்வது சுலபமாக இருந்தது, வைப்பதுதான் சிரமமாக இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைத்தபோது கடுகு தாளிக்கிற ஒவ்வொரு முறையும் எண் எகிறியது. சுவரை ஒட்டி வைத்தபோது ஒரு சத்தத்தைச் சுவர் இரண்டாக்கிக் கொடுத்தது. மரத்தடியில் வைத்தபோது காக்கைகள் தட்டில் உட்கார்ந்து கொத்தின. கடைசியில் தெருக்குழாய்க்குப் பக்கத்தில், எந்தச் சுவரும் எந்த அடுப்பும் கிட்டே இல்லாத திறந்த இடத்தில், ஓர் இரும்புக் குழாயை நட்டு, கைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை மாட்டினாள்.

புதிதாக ஒன்று தெருவுக்கு வந்தால் அதைச் சும்மா விட்டுவிடுகிற வழக்கம் பொன்னடுக்கத்தில் இல்லை. எதிர்வீட்டில் இடியாப்பம் சுட்டு விற்கும் புஷ்பலதா அக்கா, வேதநாயகி கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஏணி போட்டு ஏறி, பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, தணல் நிறையச் சாம்பிராணி போட்டு மூன்று முறை சுற்றிக் காட்டினாள். புது இடத்தில் பெட்டி முதன்முதலில் எண்ணியது அந்தச் சாம்பிராணிப் புகையைத்தான். பலகையில் அதுவரை யாரும் பார்த்திராத பெரிய எண் எரிந்தது, தெருவே கைதட்டியது. ஒரு புகைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்த செய்தி மற்றப் புகைகளுக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் புஷ்பலதா அக்கா குடத்தோடு குழாயடிக்குப் போனாள், வரிசை நின்றது, வழக்கம்போல வரிசையின் கடைசியில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றாள், வெகுநேரம் வரிசை நகராததால் முன்னால் நிற்பது யார் என்று எட்டிப் பார்த்தபோதுதான் அது பொம்பளைகள் வரிசை அல்ல, புகைகள் வரிசை என்று தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் ரைஸ் மில் புகை, கறுப்பாக, பெருத்து, கொஞ்சம் கூனி நின்றது. அதற்குப் பின்னால் குப்பை எரித்த நீலப் புகை, அதற்கும் பின்னால் லாரிப் புகைகள், டீக்கடை அடுப்புப் புகை, கிரஷரின் வெள்ளைத் தூசி. சத்தங்களும் வந்திருந்தன. அவை கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு புகைகளுக்கு நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தால் அங்கே ஒரு சத்தம் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் குடத்தை வைத்தால் குடத்துத் தண்ணீர் நடுங்கியது.

ஒவ்வொன்றாக முன்னே போய்ப் பெட்டியின் கீழ் நிற்கும், விசிறி இழுக்கும், பலகையில் எண் எரியும், அந்த எண்ணை அது நிமிர்ந்து பார்க்கும், பார்த்துவிட்டு நிறைவோடு ஒதுங்கி அடுத்ததற்கு வழிவிடும். பொன்னடுக்கத்தில் இத்தனை வருஷமாக அவை இருந்தும் அவற்றை யாரும் எண்ணியதில்லை.

தெருவில் யாரும் ஓடவில்லை. தண்ணீர் பிடிக்க வழி வேண்டும் என்பதுதான் முதலில் எழுந்த பிரச்சினை. ரேஷன் கடையில் எடை போடும் முத்துராக்கு அண்ணன் அதே தெருவில் இருந்தார், வரிசைகளோடே வாழ்ந்தவர். அவர் சுண்ணாம்பு கரைத்து வந்து, குழாய்க்கு இந்தப் பக்கம் குடங்களுக்கும் அந்தப் பக்கம் புகைகளுக்குமாக வட்டங்கள் போட்டார். வட்டத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் கடைசிக்குப் போக வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அறிவித்தார். புகைகள் சொன்ன சொல் கேட்டன; குடங்களைத்தான் அவரால் கட்டுப்படுத்த முடியவில்லை.

அந்த வாரம் பொன்னடுக்கத்தில் அதுவரை இல்லாத ஒரு வாரமாக இருந்தது. சத்தங்களெல்லாம் இங்கே முறைக்குக் காத்து நின்றதால் கிரஷரில் கல் ஓசையில்லாமல் உடைந்தது. கண்டக்டர்கள் விசில் ஊதினால் காற்றுதான் வந்தது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் கன்னம் வீங்க ஊதிவிட்டுப் பக்கத்திலிருந்தவரைக் கவலையோடு பார்த்தார். தண்ணீர்த்தொட்டித் தெருவிலோ யார் வீட்டிலிருந்து என்ன வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. உங்கள் வீட்டு மிக்ஸி மட்டும் நாளுக்கு ஏழெட்டு தடவை வந்து நிற்கிறதே, அப்படி என்னத்தை அரைக்கிறீர்கள் என்று புஷ்பலதா அக்காவை ஒருத்தி கேட்டாள். உன் மாமியாரைப் பற்றி நீ பேசுவது வரிசையில் வந்து நிற்காத வரைக்கும் சந்தோஷப்பட்டுக்கொள் என்று அக்கா பதில் சொன்னாள். புகழேந்தியின் மினி பஸ் ஹாரன், ஆறு சுருதியில் கத்துவது, தினமும் வந்து கூச்சத்தோடு நின்றது. இனியா அந்த வாரம் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் எண்ணப்பட்டவை வீட்டுக்குத் திரும்பவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு வந்து மறுபடி வரிசையின் கடைசியில் நின்றன. முத்துராக்கு அண்ணன் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். வேட்டி சேலை கொடுத்த காலத்தில் வாங்கினவர்களே திரும்ப வந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். போதாக்குறைக்கு வெளியூர்ப் புகைகளும் பைபாஸ் சாலை ஓரமாக நடந்தே வந்து சேர்ந்தன. செங்கல் சூளைகள் வந்தன. பெயர் தெரியாத கம்பெனிகளின் மஞ்சள் புகைகள் மூக்கைப் பொத்தும் வாசனையோடு வந்தன. என்றோ ஒரு தீபாவளிக்கு வெடித்த சரவெடிகூட, அன்று தன்னை யாரும் எண்ணவில்லை என்று வந்து நின்றது. ஒற்றை வரிசை மூன்று வரிசை ஆனது. சுண்ணாம்பு வட்டங்கள் போதவில்லை. புகைகள் தெருவின் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டுக்கொண்டு நின்றன. பலகையின் எண் நாள் முழுக்கச் சிவப்பாகவே எரிந்தது. இனியா மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வேதநாயகி பெட்டியை அணைத்துப் பார்த்தாள். பலகை இருண்டதும் வரிசை கலையும் என்று நினைத்தாள். கலையவில்லை, நெருக்கியது. பின்னால் நின்றவை முன்னால் நின்றவற்றைத் தள்ளின. வீட்டு ஜன்னல்களில் புகைகள் முட்டின.

“சர்வர் டவுன்னு சொன்னா யாராச்சும் வீட்டுக்குப் போறாங்களாம்மா? கதவைத்தான் தட்டுவாங்க” என்றார் முத்துராக்கு அண்ணன். “மொதல்ல சுவிட்சைப் போடு.”

அவள் போட்டாள். அன்று இனியாவை இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், மூக்கில் மருந்துப் புகை வைத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறை போக நேர்ந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெட்டியை வேறிடத்துக்கு மாற்றுவது என்று வேதநாயகி முடிவு செய்தாள். எங்கே என்பதுதான் கேள்வி. ஊரின் மற்றத் தெருக்களில் அப்போது வானம் கழுவி வைத்தது போல இருந்தது. வெள்ளை வேட்டிகளை மொட்டை மாடியில் காயப்போட்டு வெள்ளையாகவே எடுத்தார்கள். எந்தத் தெருவும் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்கு வெளியே பாறை மேல் வைத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஆள் மூச்சு விடாத இடத்தில் வைக்கிற பெட்டி யாருக்கு நேரம் சொல்லும் என்று வேதநாயகி கேட்டாள். அவள் கேட்டது சரி என்றாலும், உண்மையில் அந்தப் பாறை இருக்கும் பஞ்சாயத்தும் சம்மதிக்கவில்லை.

மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கவுன்சிலர் தங்கதுரை, தண்ணீர்த்தொட்டித் தெரு ஊருக்கே செய்கிற தொண்டைப் பாராட்டி, தெருமுனையில் ஒரு வளைவு கட்டித் தரவும் அதில் தெருவின் பெயரைப் பெரிதாக எழுதவும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வளைவு வேண்டாம், உங்கள் தெருவில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று வேதநாயகி சொன்னாள்.

“ஏம்மா, ஊரே நல்லா மூச்சு விடுது” என்றார் கவுன்சிலர். “ஒரு பிள்ளைக்காக…”

மீதியை அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் அதை முடித்துச் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வேதநாயகி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். புகழேந்தி பின்னாலேயே வந்தான். தெருமுனைக்கு வந்தவன், வரிசையின் கடைசிப் புகையைப் பார்த்ததும் நின்றான்.

“வேதா, பெட்டிய நம்ம வண்டியில மாட்டு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் வரைக்கும் டிரிப் கெடையாது. ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

ஓடுகிற வண்டியில் வைத்தால் எண் எதுவும் சரியாக வராது, இன்ஜின் சத்தம் வரும், வண்டியின் புகையே உள்ளே போகும், இதுவரை நான் கற்றுக்கொண்டது எல்லாவற்றுக்கும் அது விரோதம் என்று அவள் சொன்னாள்.

“அளக்கறதுக்கு யாரு சொன்னா? இறக்கி விடறதுக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறின பிறகு, பெட்டியைக் கழற்றி மினி பஸ்ஸின் உள்ளே கம்பியில் மாட்டினார்கள். முத்துராக்கு அண்ணன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியில் நின்றார். பெட்டி போகிற இடத்துக்கு வரிசை வந்தது, ஒவ்வொன்றாகப் படியேறியது. புகைகள் மடங்கக்கூடியவை என்பதால் அத்தனையும் அந்தச் சின்ன வண்டிக்குள் அடங்கின. பெரிய புகைகள் சின்னப் புகைகளை மடியில் வைத்துக்கொண்டன. வேதநாயகி இனியாவைப் புஷ்பலதா அக்காவிடம் விட்டுவிட்டு, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

முதலில் பைபாஸ் நிறுத்தம். வெளியூர்க்காரர்கள் இங்கேயே இறங்க வேண்டும், அவரவர் ஊர் வண்டி அந்தப் பக்கம் வரும் என்று முத்துராக்கு அண்ணன் சொன்னார். சூளைகளும் மஞ்சள் புகைகளும் இறங்கின. சரவெடிக்கு ஊர் ஞாபகமில்லை. அது பாதையோரப் புளியமரத்தடியில் நின்றுகொண்டது. பிறகு வண்டி ஊருக்குள் திரும்பியது. ரைஸ் மில் வாசலில் புகழேந்தி பிரேக் போட்டபோது, முத்துராக்கு அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அது வேலை செய்கிற இடம், ரேஷன் கார்டில் போடுவது வீட்டு விலாசம். வீட்டில்தான் இறக்கி விட வேண்டும் என்றார்.

அப்படியே செய்தார்கள். மில் முதலாளி வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்புப் புகை இறங்கி, கூனிக் குறுகி வணக்கம் வைத்து, கார் நிற்கும் இடத்தில் நின்றது. கிரஷர் முதலாளி சிவஞானத்தின் பங்களாவில், வெள்ளைத் தூசியும் கல் உடைகிற சத்தமும் இறங்கின; யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டார்; இவர்கள் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான் என்று முத்துராக்கு அண்ணன் பதில் சொல்ல, வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். சிவஞானத்தின் மனைவி வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னாள். தூசி எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தது. கவுன்சிலர் வீட்டில் அவருடைய கூட்டத்து மைக்குகளும் பிறந்தநாள் வெடிகளும் இறங்கின. அவர் பால்கனியில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலகையின் எண்கள் இறங்கின. சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. புகழேந்தியின் ஹாரனுக்கு நிறுத்தம் வரவில்லை. அது ஸ்டீயரிங் பக்கத்தில் ஒண்டியிருந்தது. இதை நான் கழற்றிப் பரணில் போட்டுக்கொள்கிறேன் என்று அவனே சொல்லிவிட்டான்.

எல்லாரும் இறங்கியாயிற்று என்று நினைத்து இன்ஜினை அணைத்தார்கள். தூசியின் எண் பூஜ்யத்துக்குக் கிட்டே நின்றது. சத்தத்தின் எண் மட்டும் இறங்காமல், மெல்ல ஏறியும் இறங்கியும், ஏறியும் இறங்கியும் எரிந்தது. முத்துராக்கு அண்ணன் சீட்டுகளுக்கு நடுவே குனிந்து தேடிக்கொண்டே போனார். கடைசிச் சீட்டின் மூலையில் ஒரு காலியிடம் இருந்தது, சின்னது, நாலு வயசுப் பிள்ளை உட்காருமளவு. அவருக்கு அது என்ன என்று தெரியவில்லை. வேதநாயகிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியில் இருப்பதை எண்ணுவதற்காகத்தான் அவள் பெட்டியை வெளியில் வைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து இதுவும் எழுந்து வந்து வரிசையில் நின்றிருக்கிறது. கிரஷருக்கும் லாரிகளுக்கும் பின்னால், ஒவ்வொரு முறையும் தள்ளப்பட்டு, கடைசிக்குப் போய்ப் போய் நின்றிருக்கிறது. அதன் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. பலகையில் எரிந்த எண் மிகவும் சின்னது.

புகழேந்தி கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இதை எங்க இறக்கறது வேதா? வீட்டுக்கே போயிடலாமா?”

“இதோட வீடு அது இல்லீங்க.”

“பின்ன?”

சிவஞானத்தின் பங்களா, மில்காரர் வீடு, கவுன்சிலர் வீடு எல்லாம் அவள் மனசில் வந்திருக்கும். எதுவும் முழுசாக இதன் வீடு இல்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இதன் வீடு.

“ஸ்டாண்டுக்கு விடுங்க. எல்லாரும் வர்ற எடம்.”

பஸ் ஸ்டாண்டில் தூணோரம் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அதை உட்காரவைத்தாள். பெட்டியை அந்தத் தூணில் கட்டினாள். கைக்கு எட்டாத உயரத்தில் அல்ல, ஒரு குழந்தையின் மூக்கு இருக்கிற உயரத்தில். பெஞ்சில் இருந்த ஓர் ஆள், பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

வீட்டில் இனியா பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தம் இல்லை.

பெஞ்சில் இருந்த சத்தம் மிகவும் மெல்லியது என்பதால் அதைக் கேட்க ஊர் அமைதியாக வேண்டியிருந்தது. பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றால், காது கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் டிரைவரைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டுவார்கள். டிரைவர் இன்ஜினை அணைப்பார். அணைத்ததும் அவருக்கும் கேட்கும். ஊரே நல்லா மூச்சு விடுது என்று கூட்டத்தில் பேசிய வாய்கள் அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பேசவில்லை. மூச்சு சிரமப்படுகிற நாளில் பெண்கள் முந்தானையால் அந்தக் காலியிடத்துக்கு விசிறினார்கள். இது யாருடைய பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் கேட்டபோது, முதலில் தண்ணீர்த்தொட்டித் தெருப் பிள்ளை என்றார்கள். சில வாரங்களில் எங்கள் பிள்ளை என்று சொல்லத் தொடங்கினார்கள். வீடு கிடைத்தவை வரிசைக்குத் திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டதால் சிவஞானம் கிரஷரைத் தகரத்தால் மூடி, கல்லுக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் போட்டார். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மில்லில் புகைபோக்கிக்கு வடிகட்டி வந்தது. குப்பையை எரிப்பது நின்றது. எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூச்சும் ஒரே நாளில் மாறவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள், கூடைக்காரி ஒருத்தி தெரியாமல் தன் கூடையை அந்த இடத்தில் வைத்துவிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் பதறிக் கூடையைத் தூக்கினார்கள். அடியில் எதுவும் இல்லை. காதை வைத்துக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. அன்று முழுக்க அதை விட்டு நகர்ந்தே உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை வேதநாயகி மகளை முதன்முதலாகப் பள்ளியில் விடுவதற்கு ஸ்டாண்டுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னார்கள். அவள் பலகையைப் பார்த்தாள். இரண்டு எண்களும் பச்சையாக இருந்தன. அந்தக் காலியிடத்தில் தானே உட்கார்ந்தாள். இனியா புது ஷூவோடு தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

புகழேந்தியின் மினி பஸ் வந்து நின்றது. இன்ஜினை அணைத்தான். அந்த அமைதியில் ஒரு பிள்ளையின் மூச்சு வேகமாக, சத்தமாகக் கேட்டது. ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். வேதநாயகி எழுந்திருக்காமல் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

“ஓடினதுதான்” என்றாள்.

எல்லாரும் வண்டியில் ஏறினார்கள்.